எலிக்கு வேட்டி கிடையாது

போன சித்திரா பௌர்ணமிக்குச் சில நாள் முன்பு, கல்லூரி ஆய்வகத்தில் என் முறைக்காகக் காத்திருந்தபோது கைபேசியில் ஒரு ஆய்வுக் கட்டுரையைப் படித்தேன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கம்மியான எலிகளுக்குச் சிறுநீர்ப்பைத் தசை எப்படிப் பாழாகிறது, ஆன்டி-ஆக்ஸிடன்ட் கொடுத்தால் அந்தச் சேதம் எப்படிக் குறைகிறது என்று படங்களோடு போட்டிருந்தார்கள். பாதி படிக்கும்போதே எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது.

பெரியப்பா அடி அண்ணாமலையில் விவசாயம் பார்க்கிறவர். புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து அந்த ஹார்மோனை அடக்குகிற ஊசி போட்டுக்கொள்கிறார். அதுவரை பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போனவர், அதன் பிறகு போகவில்லை. கேட்டால் முட்டி வலி என்பார். ஊர் வழியாகவே ஜனங்கள் மலையைச் சுற்றிப் போக, இவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்திருப்பார்.

உயிர்வேதியியல் படிக்கிறவள் சும்மா இருப்பேனா? பௌர்ணமியன்று பெரிய பாட்டில் நிறைய நெல்லிக்காய்ச் சாறு எடுத்துக்கொண்டு போய் நின்றேன். இதில் எவ்வளவு ஆன்டி-ஆக்ஸிடன்ட் இருக்கிறது, உள்ளே போய் என்ன செய்யும் என்று ஒரு வகுப்பே எடுத்து, கிரிவலத்துக்கும் கூப்பிட்டேன். "அவர உட்டுடு கண்ணு" என்றார் பெரியம்மா. நான் விடவில்லை. தம்பி மகள் ஆசையாகக் கூப்பிடுகிறாளே என்று பெரியப்பா பாதிச் சாற்றைக் குடித்துவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் ஆகியும் ரோடு சுட்டது. வெறுங்காலோடு கூட்டம் நகர்ந்துகொண்டிருந்தது. வழியில் கழிப்பறை வாசலில் நீண்ட வரிசை. அதைப் பார்த்துப் பெரியப்பா, "கொஞ்சம் நில்லு கண்ணு" என்றார். களைத்துவிட்டார் என்று நினைத்து மிச்சச் சாற்றை நீட்டினேன். அதையும் குடித்தார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நின்றார். வேட்டியின் முன்பக்கம் நனைந்து பரவிக்கொண்டிருந்தது.

அப்போது நான் செய்ததைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. பிடித்திருந்த அவர் கையை விட்டுவிட்டேன். விட்டுவிட்டு, கல்லூரித் தோழிகள் யாராவது பின்னால் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

அங்கே ஒரு வீட்டு வாசலில், நடப்பவர்களுக்குக் கால் சுடக்கூடாது என்று ஒரு அம்மா ரப்பர் குழாயால் ரோட்டை நனைத்துக்கொண்டிருந்தார். பெரியப்பாவை ஒரு தரம் பார்த்தார். குழாயை அப்படியே அவர் இடுப்புக்குத் திருப்பினார். அடுத்து என் மேலும் பீய்ச்சினார்.

"கை தவறிடுச்சுங்கய்யா, மன்னிச்சுக்கங்க" என்றார், பத்துப் பேருக்குக் கேட்கிற மாதிரி. சொட்டச் சொட்ட நின்ற எங்களைப் பார்த்துச் சிலர் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அந்த வீட்டுப் படியிலேயே உட்கார்ந்தோம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பொண்ணுகிட்ட இன்னான்னு சொல்றது?"

"டாக்டர்கிட்டயாவது சொன்னீங்களா பெரியப்பா?"

தலையை ஆட்டினார், இல்லை என்று. வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டே, "நீ படிச்சது நெஜமாவே இருக்கட்டும் கண்ணு. ஆனா எலிக்கு வேட்டி கெடையாது" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். அதனால்தான் அப்படிச் சுட்டது.

வீட்டுக்கு வந்து அந்தக் கட்டுரையை முழுசாகப் படித்தேன். எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே சொல்லிவிட முடியாது என்று கடைசியில் அவர்களே எழுதியிருந்தார்கள். அடக்க முடியாமல் தவிக்கிறவருக்குப் புளிப்புச் சாற்றைப் பாட்டில் பாட்டிலாகக் கொடுத்தால் அவஸ்தை ஜாஸ்திதான் ஆகும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. எலியின் சிறுநீர்ப்பையைப் பற்றி அவ்வளவு படித்தவள், பெரியப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

அடுத்த ஊசிக்கு அவரோடு நான் போகிறேன். ஒத்துக்கொண்டிருக்கிறார், ஒரு நிபந்தனையோடு: "டாக்டர்கிட்ட நீயே சொல்லிடு. நான் ஜன்னல பாத்துக்கினு ஒக்காந்துக்கறேன்." அந்தத் தசையின் ஒவ்வொரு அடுக்குக்கும் எனக்குப் பெயர் தெரியும், அவர் தலை குனியாமல் கேட்டுக்கொண்டிருக்கக்கூடிய ஒரு வாக்கியத்தைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.