திக்கிய நாவுக்கு ஒரு வகுப்பறை

அன்புச் சகோதரிகளே, நான் பிறந்ததிலிருந்தே திக்கிப் பேசுகிறவள். எழுத்தில் திக்குவதில்லை என்பதால், நேரே சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

ஊர் கோட்டைப்பட்டினம். விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்றவள். ஆராய்ச்சி நண்டுகளைப் பற்றி. மூன்று கல்லூரிகளில் நேர்காணலுக்குப் போனேன். மூன்றாவது இடத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "பேரைச் சொல்லவே இவ்வளவு நேரமா? பாடம் எப்பம்மா முடியும்?" என்று கேட்டார். பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதேன். இனி எங்கும் விண்ணப்பிப்பதில்லை என்று சான்றிதழ்களைக் கட்டி பீரோவில் வைத்துவிட்டேன்.

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு மறுவாரம் ஒரு பல்கலைக்கழகத்தின் விளம்பரம் வந்தது. பேராசிரியர் பணியும் இருந்தது, அலுவலகப் பணியும் இருந்தது. என்னைப் பெற்ற அத்தா ஜெகதாப்பட்டினத்தில் நண்டு வாங்கி விற்பவர். அவர்தான் பேப்பரைக் கொண்டுவந்தார்.

"ஆபீஸ் வேலைக்கு மட்டும் போடுறேன் அத்தா. அங்க பேச வேண்டியதில்ல."

"வாத்தியார் வேலைக்கே போடும்மா. கேக்குறது அல்லாஹ்கிட்ட. அதுல என்ன கஞ்சத்தனம்?"

போட்டேன். நாற்பது நாள் அதிகாலைச் சுபுஹு தொழுகைக்குப் பின் ஒரே துஆதான்: யா அல்லாஹ், நேர்காணல் அன்று ஒருநாளாவது என் திக்கலை எடுத்துவிடு.

அந்த நாள் வந்தது. ஐந்து பேர் முன்னால் பத்து நிமிடம் பாடம் நடத்தச் சொன்னார்கள். 'நண்டு' என்ற முதல் சொல்லே தொண்டையில் நின்றுவிட்டது. மனசுக்குள், "ரப்பே, கைவிட்டுடாதே" என்றேன்.

அப்போது தலைமையிலிருந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அவசரமே இல்லம்மா. மெதுவாச் சொல்லுங்க, கேக்கத்தானே உக்காந்திருக்கோம்."

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தாலும் அனுப்பியவன் யார் என்று எனக்குத் தெரியும். சாக்பீஸை எடுத்து நண்டைக் கவிழ்த்துப் போட்டாற்போல் வரைந்தேன். வயிற்று மடல் குறுகியிருந்தால் ஆண், அகன்றிருந்தால் பெண் என்று விளக்கினேன். ஏழெட்டு இடத்தில் திக்கினேன். ஆனால் நிறுத்தவில்லை. ஓரத்திலிருந்த ஐயா, "அடடா, இத்தனை வருஷமா பாக்காமலே வாங்கிட்டு வாரேனே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நேர்காணலில் நான் சிரித்தது அதுவே முதல் முறை.

மூன்றாம் வாரம் பணி ஆணை வந்தது. அத்தா அதைத் தலைகீழாகப் பிடித்திருப்பதுகூடத் தெரியாமல் அழுதார். அம்மா சர்க்கரை டப்பாவோடு தெருவுக்கே ஓடினார்.

நான் கேட்டது திக்கல் போக வேண்டும் என்று. அது போகவில்லை. பயம்தான் போனது. முதல் வகுப்பில் பிள்ளைகளிடம், "நான் திக்குவேன், நீங்க நோட்ஸ் எழுத வசதியா இருக்கும்" என்றேன். கைதட்டினார்கள்.

நேர்காணல் என்றாலே நடுங்கும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். துஆச் செய்து அனுப்பிவையுங்கள். வாசல்வரை கால் நடந்தால் போதும். உள்ளே அவர்களுக்கு முன்பே அல்லாஹ் போய்விடுகிறான்.