ஹில்டா அக்காவின் குதிரை

கல்யாணம்கூட வேண்டாமென்று எங்கள் லாயத்திலேயே கிடந்தவள் ஹில்டா அக்கா. அவள் பார்த்துக்கொள்ளும் டஸ்ட்டி என்ற பந்தயக் குதிரையை வேறு யாரும் தொடக் கூடாது. லாயத்தில் புதிதாக வேலைக்கு வந்த ட்ரேசி பெப்பர்மின்ட் மிட்டாய் கொடுத்து அதை மயக்கிவிட்டாளென்று அக்காவுக்கு வயிறு எரிந்தது. வேலிகளைத் தாண்டி ஓடும் கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயத்தன்று எயின்ட்ரீ மைதானத்தில் குதிரையை நடத்திவரும் வேலையையும் முதலாளி ட்ரேசிக்கே கொடுத்தார்.

"சிங்காரிச்சது நானு, ஊர்கோலம் போறது அவளா?" என்று அக்கா பொருமினாள்.

பந்தயத்தில், முன்னால் பள்ளம் வெட்டிய வேலியைத் தாண்டும்போது, டஸ்ட்டியை ஓட்டிய ஜாக்கி கீழே விழுந்தான். டஸ்ட்டி ஆளில்லாமலே மிச்ச வேலிகளையும் தாண்டி முதலாவதாக வந்தது. ஆளில்லாமல் வந்தால் கணக்கில் சேராது. ட்ரேசி பெப்பர்மின்ட்டை நீட்டிக்கொண்டு ஓடினாள். அது அவளைக் கடந்து வந்து அக்காவின் தோளில் முகத்தைத் தேய்த்தது.

"இப்பத்தான் என் ஞாபகம் வந்துச்சா, நன்றிகெட்ட கழுதை?" என்று திட்டியபடியே அக்கா கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தாள்.

"தோத்துட்டோமே ஹில்டா!" என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

"யாரு தோத்தா?" என்றாள் அக்கா, ட்ரேசியைப் பார்த்துக்கொண்டே.