காலையில் காணாமல் போகும் நோய்

முதலில் இறங்கியது வலது கண்ணின் இமை. பட்டாபிராமில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில், பொழுது சாயும் நேரத்தில் துணி பிழிந்துகொண்டிருந்தேன். தூக்கம் வரவில்லை. ஆனாலும் இமை பாதிக்கு இறங்கி நின்றது. மறுநாள் காலையில் இரண்டு கண்ணும் சரியாகத் திறந்திருந்தன. சிரித்துவிட்டு மறந்துபோனேன்.

வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசி வருஷங்கள் அவை, யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. மகள் பிறந்து ஐந்து மாதம்.

ஒரு மாதத்துக்குள், மாலையானால் பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. நாலு வாய் மென்றதும் தாடை ஓய்ந்துபோகும். குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. பிறகு ஒரு நாள் மாலை, கொல்லையில் குழந்தையோடு நின்றிருந்தபோது என் கைகள் என்னைக் கேட்காமலே தளர்ந்தன. குழந்தை வைக்கோல் மேல் விழுந்ததால் அடி படவில்லை.

என் மாமியார் கெட்டவர் அல்ல. காலையெல்லாம் ஓடியாடி வேலை செய்கிறவள் மாலையில் மட்டும் துவண்டு விழுந்தால் யார்தான் நம்புவார்கள்? எனக்கே என்மேல் சந்தேகம் இருந்தது. அன்று அவர் என் கணவரிடம், நான் கேட்கும்படியாகவே சொன்னார்: “கொயந்தய இவ கையில குடுக்கவே பயமா கீதுடா. பூந்தமல்லில உங்க அக்கா ஊட்லயே வளரட்டும்.”

என் நாத்தனாருக்குப் பிள்ளை இல்லை. அவரும் குழந்தையைக் கேட்டார். அதில் சூது இல்லை, ஆசைதான். ஆடி மாதத்தில் பிள்ளையை இடம் மாற்றக் கூடாது என்பதால், ஆடி கழிந்ததும் வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. அந்த ஆடி முழுக்க நான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போயிருந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் முழுக்க ஒரு துரும்பைக்கூட எடுக்க விடமாட்டார்கள். விடியுமுன் குளித்து, தலை வாரிப் பின்னி, பொட்டு வைத்து, வெளுத்த புடவை கட்டிக்கொண்டு முதல் ரயிலில் ஏற வேண்டும். டாக்டர் முன்னால் வாடி வதங்கி நின்றால் குடும்பத்துக்கு இழுக்கு. ஆக, நன்றாக ஓய்வெடுத்து, பளிச்சென்று போய் நின்றேன். பெரிய டாக்டர் பார்த்தார். ஹிஸ்டீரியா (மனக்கலக்கம் உடம்பு நோய்போல வெளிப்படுவது என்று அப்போது சொல்வார்கள்) என்று எழுதி, சத்து மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார். இரண்டு முறையும் அதுவே.

மூன்றாவது முறை போனது ஆடியின் கடைசி வாரம். அன்று ராணுவ வண்டிகளுக்கு வழிவிட எங்கள் ரயிலை அம்பத்தூரில் நிறுத்திவிட்டார்கள். குழந்தையைக் கணவர் தோளில் போட்டுக்கொள்ள, கூட்டத்தில் நின்றபடியே மணிக்கணக்காகப் புழுங்கினோம். ஆஸ்பத்திரியை அடைந்தபோது வெளிநோயாளிப் பகுதியைப் பூட்டியிருந்தார்கள். தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். தலை நிற்காததால் தாடைக்குக் கையை முட்டுக் கொடுத்து, இறங்கிய இமைக்குக் கீழாகப் பார்க்க முகத்தை அண்ணாந்து வைத்திருந்தேன். இனி வழியில்லை, பிள்ளை போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வழியாகப் போன இளம் டாக்டர் ஒருவர் என்னைப் பார்த்து நின்றார். எப்போதும் இப்படித்தானா என்று கேட்டார்.

“காலைல நல்லா கீதுங்க. பொழுது சாஞ்சாதான் இப்டி ஆயிடுது” என்றார் என் கணவர்.

அதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டதற்கு அவர் விழித்தார். நல்லாயிருக்கும்போது இட்டாந்தால்தானே மரியாதை என்றார்.

டாக்டர் என்னை ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணச் சொன்னார். இருபதைத் தாண்டுமுன் குரல் மூக்குக்குள் போயிற்று, முப்பதில் நின்றுவிட்டது. அவர் என் கையில் ஓர் ஊசி போட்டார். பிறகு காத்திருந்தோம். வயிறு முறுக்கியது, வாயில் எச்சில் ஊறியது. செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். யாரோ திரையை இழுத்ததுபோல இமைகள் மேலே போயின. எத்தனையோ மாலைகளாக இரண்டு பேராகத் தெரிந்த என் கணவர் ஒரே ஆளாக நின்றார். ஒருவரே போதும் என்று தோன்றியது.

“குழந்தைய வாங்கிக்கங்கம்மா” என்றார் டாக்டர்.

கணவர் கொடுக்கவில்லை. “இன்னா தனம், புடிச்சிக்குவியா?” என்று மெதுவாகக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கையை நீட்டினேன். பிள்ளையின் கனம் முழுவதும் இறங்கிற்று. கைகள் நின்றன. அழுதுவிட்டேன்.

நோயின் பெயர் மயஸ்தீனியா (தசைகள் சீக்கிரம் ஓய்ந்துபோகும் நோய்) என்றார். கையைத் தூக்கு என்று மூளை இடும் உத்தரவு நரம்பு வழியாக வருகிறது. நரம்பு தசையோடு ஒட்டியில்லை. நடுவே மயிரிழையிலும் சிறிய இடைவெளி. நரம்பின் நுனியில் ஊறும் அசிட்டைல்கோலின் (உத்தரவைத் தசைக்குச் சேர்க்கும் ரசாயனம்) அந்த இடைவெளியைக் கடக்க வேண்டும். உங்களுக்கு அது போதவில்லை, ஓய்வெடுத்தால் கொஞ்சம் சேருகிறது என்றார். ஊசி மருந்து அந்த ரசாயனம் சீக்கிரம் அழியாமல் பார்த்துக்கொள்ளுமாம். அது ஊறும் இடத்தில் அல்ல, வாங்கிக்கொள்ளும் இடத்தில்தான் பழுது என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. ஆனால் அந்த ஒரு சொல் கிடைத்ததும் என்மேல் எனக்கிருந்த சந்தேகம் போயிற்று.

“இதுல நோய் குணமாகாதும்மா. மூணு மணி நேரம்தான் தாங்கும்” என்று சொல்லி, மாத்திரை எழுதித் தந்தார். ஆவடி தாண்டும்போது இமை மறுபடி இறங்கியது. பிள்ளையைக் கணவரிடம் கொடுத்துவிட்டேன்.

ஆடி கழிந்து நாத்தனார் வந்தார். நான் அசிட்டைல்கோலின் என்ற பெயரைச் சொல்லி, விரலிடுக்கில் இடைவெளி காட்டி விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்: “மாத்தர வேலை செய்யாத நேரத்துல யாரு தூக்குவாங்க?”

அது நியாயமான கேள்வி. சமையலறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மாமியார் வந்து குழந்தையை என் மடியில் வைத்தார். “ஏன், ஊட்ல நான் கீறேன் இல்ல?” என்றார். நாத்தனார் அழுதபடியே பூந்தமல்லிக்குத் திரும்பிப் போனார். அந்த அழுகையை நினைத்தால் இன்றும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

இப்போது இப்படிப்பட்ட ரசாயனங்களுக்கு நரம்பியக்கடத்தி என்று பெயர். மகிழ்ச்சிக்கு ஒன்று, சோர்வுக்கு ஒன்று என்று பத்திரிகைகளில் தாராளமாக எழுதுகிறார்கள். எழுதட்டும். எனக்கு அந்தச் சொல்லின் பொருள், சோற்றுக்கு அரை மணி முன்னால் ஒரு மாத்திரை. இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: உடம்பு எப்போது மிக மோசமாக இருக்குமோ அந்த நேரத்தில் டாக்டரிடம் போங்கள். தலை கலைந்திருந்தால் இருக்கட்டும்.

மாத்திரை வந்த பிறகு எனக்கு நாள் என்பது இல்லை. மூன்று மணி நேரத் துண்டுகள்தான். யுத்தத்தில் மாத்திரைத் தட்டுப்பாடு வந்தபோது அவையும் குறைந்தன. என் மகள் முதல் அடி எடுத்து வைத்தது ஒரு பிற்பகலில், மாத்திரையின் வேகம் தீர்ந்து நான் கண் திறக்க முடியாமல் படுத்திருந்தபோது. மாமியார் சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் அருகில் வந்து, “இரு, உன் நேரம் வரட்டும்” என்றார்.

மாலை மாத்திரை போட்டு முக்கால் மணி கழித்து, அவர் குழந்தையைச் சுவரோரம் நிறுத்திக் கையை விட்டார். அவள் தள்ளாடி, மூன்றடி நடந்து என்னிடம் வந்தாள். மாமியாரும் நானும் அதையே முதல் தடவை என்று வைத்துக்கொண்டோம்.