பட்டியலில் அக்காவின் புத்தகம்

என் அக்கா பேருந்து நிலைய விசாரணைக் கவுன்ட்டரில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்திருந்தாள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வாள். "பஸ் எப்ப வரும்?" என்றால் நேரம் சொல்வாள். "கண்டிப்பா வருமா?" என்றால், "அதை டிரைவரைக் கேளுங்க" என்பாள். இரண்டு கேள்விகளுக்கு நடுவே மடியில் வைத்துக் கதைப் புத்தகம் படிப்பாள். ஓய்வு பெற்றதும் எங்கள் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் சேர்ந்தாள். எங்கள் நூலகம் என்று நான் உரிமை கொண்டாடக் காரணம், அதன் பின்னறையில் கிழிந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டுவது நான்தான்.

அக்கா என்னோடுதான் இருக்கிறாள். பத்தொன்பது வருடத்துக்கு முன் ஒரு காலை, குப்பை வண்டியின் மணி கேட்டு, வாளியோடு அடித்துப் பிடித்துக் கதவைத் திறந்தேன். அந்த வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பது அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது. அன்றைக்கு ஆறு மணிக்கே வந்து தொலைத்தது. வாசலில் அக்கா பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை, அவளும் எதுவும் சொல்லவில்லை. எட்டு மணிக்கு வேலைக்குப் போய்விட்டாள். புருஷன் வீட்டுக்கு அதன் பிறகு அவள் திரும்பவே இல்லை.

வாசகர் வட்டம் வருடா வருடம் விடுமுறைக்கு முன்னால் பத்துப் புத்தகங்களைத் தேர்ந்தெடுத்து, பரிந்துரைத்தவர் பெயரோடு நூலக வாசலில் பட்டியல் ஒட்டும். தலைவர் ஒரு பல் டாக்டர். அக்கா சொன்ன புத்தகங்களை ஐந்து வருடமாக வலிக்காமல் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். "விறுவிறுப்பா இருக்கும்மா, ஆனா கனம் பத்தல" என்பார். அக்கா அங்கே வாயைத் திறக்கமாட்டாள். வீட்டுக்கு வந்து பாத்திரங்களிடம் பதில் சொல்வாள்.

இந்த வருடம் அவள் எங்கள் நூலகத்து நாவல் ஒன்றைக் கொண்டுபோனாள். புருஷனை விட்டுப் போன ஒருத்தி நான்கு வருடம் கழித்து அதே வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். தட்டுவதற்குக் கையைத் தூக்குகிறாள். இருநூற்றெட்டாம் பக்கம். கதை முடிந்தது.

"கையைத் தூக்கினா தட்டித்தான் ஆகணுமா டாக்டர்?" என்று அக்கா கூட்டத்தில் கேட்டாள். இரண்டு மணி நேரம் விவாதம் நடந்ததாம். துணிச்சலான முடிவு என்று டாக்டரே ஒப்புக்கொண்டார். பட்டியலில் முதல் புத்தகம் அதுதான். அன்று பாத்திரங்கள் நிம்மதியாக இருந்தன.

மறு வாரம் காய்கறி வளர்ப்புக் கையேடு ஒன்று முதுகு பிய்ந்து என் மேசைக்கு வந்தது. பிரித்தேன். தக்காளிக்கும் வெண்டைக்கும் நடுவே ஒரு பெண் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அக்காவின் நாவலில் இருநூற்றொன்பது முதல் இருநூற்று இருபத்துநான்கு வரை பதினாறு பக்கம். போன வருடம் இரண்டு புத்தகங்களையும் ஒரே நாளில் தைத்தவன் நான். என் வேலையில் இது முதல் தப்பு. அதாவது, அகப்பட்ட முதல் தப்பு. கையேட்டை இதுவரை ஆறு பேர் எடுத்துப் போயிருக்கிறார்கள். ஒருவரும் புகார் சொல்லவில்லை.

அந்தப் பதினாறு பக்கத்தில் புருஷன் கதவைத் திறக்கிறான், அழுகிறான். அவள் மன்னிக்கிறாள், நேராக அடுப்படிக்குப் போய் நான்கு வருடப் பாத்திரத்தைத் தேய்க்கிறாள். முற்றும்.

ஐந்து வருடம் கழித்துக் கிடைத்த ஒரு மரியாதை, அதற்கும் என் கையாலேயே வேட்டு. ஆனாலும் மறைக்க மனசு வரவில்லை. மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினாறு பக்கத்தையும் படித்தாள்.

"தட்டிட்டாளா?" என்றாள்.

"தட்டிட்டா. கிழிச்சுப் போட்டுடவா?"

"புத்தகம் ஒட்டுறவன் பேசற பேச்சாடா இது? கிடைச்ச பக்கத்தை என்ன பண்ணணும்?"

"அதுக்குரிய இடத்துல வெச்சுத் தைக்கணும்."

"தை."

தைத்தேன். சனிக்கிழமை நூலக வாசலில் பட்டியலுக்கு முன்னால் வைத்தே அக்கா டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் நின்றபடியே பதினாறு பக்கத்தையும் புரட்டிவிட்டு, கடைவாயில் கை வைத்தார்.

"துணிச்சல்னு நான் வேற சொல்லிட்டேனேம்மா. எடுத்துடலாமா?"

"எதுக்கு? நான் படிச்சது நல்லாத்தானே இருந்துச்சு" என்று சொல்லி, அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினாள். பட்டியலில் தன் பெயருக்குப் பக்கத்தில் கவுன்ட்டர் பலகையில் எழுதுவது போலப் பெரிய எழுத்தில் எழுதினாள்: "208-ஆம் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளவும்."

வீட்டுக்கு நடக்கும்போது, பத்தொன்பது வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"அக்கா, அன்னிக்கு நம்ம வீட்டுக் கதவைத் தட்டினியா?"

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள். "இல்ல."

"தட்டியிருப்பியா?"

"பெட்டியைத் தூக்கிட்டேன்டா, திரும்பிப் போயிடலாம்னு. நீ வாளியோட வந்துட்ட."

மறுநாள் காலை குப்பை வண்டி ஐந்தரைக்கே வந்து மணியடித்தது. வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து ஓடினேன். வண்டியைத் திட்டவில்லை.