தடிக்காத ஊசி

மூட்டுவாதத்துக்கு, நோயெதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் குளிசை எடுப்பவர் என் கணவர். இருமல் விடாததால் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரியில் கையில் ஊசி போட்டார்கள்; அந்த இடம் தடித்தால் கிருமி இருக்கலாமாம். குளிசை பற்றி அவர்கள் கேட்கவுமில்லை, இவர் சொல்லவுமில்லை. ஊசி போட்ட இடம் தடிக்கவேயில்லை.

“பாத்தியே, எனக்கு ஒண்டுமில்லை!” என்று எங்கள் ஊர் கொழும்புத்துறை முழுக்கச் சொல்லித் திரிந்தார். உடம்போ உருகிக்கொண்டே போனது. சளியைச் சோதிப்போம் என்றால், “ஊசியிலை இல்லாதது சளியிலை இருக்குமோ?” என்று சண்டை. பொறுக்கமுடியாமல் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனேன். சளியில் கிருமி இருந்தது.

“உந்தக் குளிசை எடுக்கிற ஆக்களுக்கு, நோய் இருந்தாலும் ஊசி தடிக்காமல் விடலாம்” என்றார் டொக்டர். கேட்காதவர்கள் மேலும் சொல்லாத இவர் மேலும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவேயில்லை.

மருந்து எடுத்துத் தேறிவிட்டார். இப்போது எந்தச் சோதனைக்கும் குளிசைப் பையை மேசையில் கொட்டி, “இதுகளோடை முடிவு சரியாய் வருமோ?” என்று கேட்ட பிறகுதான் அவரைக் கையை நீட்ட விடுகிறேன்.