பாஸ்வேர்டு கேட்காத கம்ப்யூட்டர்

விஜயதசமி காலையில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் என்னிடம் பாஸ்வேர்டு கேட்க மறுத்தது. தினமும் கேட்டு உயிரை வாங்குகிறதே என்று அலுத்துக்கொண்டவன் நான். கேட்காமல் போனால் எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பத்து மணிக்கு என் மனைவியின் முதல் ஆன்லைன் வகுப்பு. குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வெகுகாலம் கணக்கு டீச்சராக இருந்தவள். புதிதாக வந்த நிர்வாகத்தோடு ஒத்துவராமல் வேலையை விட்டுவிட்டு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தானே வகுப்பு எடுப்பது என்று முடிவுசெய்திருந்தாள். விஜயதசமியைவிட நல்ல நாள் இதற்குக் கிடையாது என்பதில் எங்கள் அஸ்தினாபுரம் தெருவில் இரண்டு கருத்து இல்லை. முதல் வகுப்பில் பெற்றோரும் கூட உட்கார்ந்து பார்க்கலாம், பிடித்தால் சேர்க்கலாம் என்று அவளே சொல்லியிருந்தாள். போட்டு வைத்த பாடமும் படமும் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேதான்.

முந்தின நாள் சரஸ்வதி பூஜை. புத்தகங்களோடு கம்ப்யூட்டரையும் சாமி முன்னால் வைத்தோம். மானிட்டர், சிபியு, கீபோர்டு, மௌஸ் எல்லாவற்றுக்கும் அவள் பொட்டும் பூவும் வைத்தாள். சாயங்காலம் நான் மெதுவாக, "ஒரு தடவை போட்டுப் பாத்துடலாமே" என்றேன்.

"பூஜையில வெச்சதைத் தொடக்கூடாது. ஒரு நாளாவது அது சும்மா கெடக்கட்டும்."

சும்மா கிடப்பது என் துறை.

காலையில் மறுபடியும் சூடம் காட்டிவிட்டு, எல்லாவற்றையும் மேஜைக்குத் தூக்கி வந்து, ஒயர்களைச் சொருகி, சுவிட்சைப் போட்டேன். ஃபேன் வழக்கம்போல இரைந்தது. திரையில் வழக்கமான மலை, வழக்கமான ஏரி, மேலே பெரிய எழுத்தில் மணி. எந்தப் பட்டனையாவது தட்டினால் மலையும் ஏரியும் மேலே போய், பாஸ்வேர்டு அடிக்கிற கட்டம் வரவேண்டும். தட்டினேன். மலை கொஞ்சம் எழும்பியது. கட்டம் வந்த மாதிரி இருந்தது. அடுத்த நொடி மலை அப்படியே கீழே இறங்கிவிட்டது. மறுபடியும் தட்டினேன். மறுபடியும் எழும்பி, மறுபடியும் இறங்கியது. அந்தத் திரையில் ஒழுங்காக வேலை செய்த ஒரே சமாச்சாரம் கடிகாரம்.

அணைத்துப் போட்டேன். பிளக்கைப் பிடுங்கி, கொஞ்சம் பொறுத்து, சொருகிப் போட்டேன். இந்த இரண்டையும் செய்தபிறகு கம்ப்யூட்டர் பற்றிய என் ஞானம் முடிந்துவிட்டது. நிறையப் படித்தவன் என்று எனக்கு வெளியே ஒரு பெயர் உண்டு. படித்ததில் ஒரு வரிகூட அந்த மலையை நகர்த்தவில்லை.

அவள் புதுப் புடவையில், என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"போன்ல எடுக்கலாமேம்மா."

"படமெல்லாம் இதுக்குள்ள கெடக்குது. போன்ல என் மூஞ்சிய மட்டும் காட்டிக்கிட்டு வடிவியல் எடுக்கறதா? முதல் நாளே டீச்சர் தடுமாறினா, ரெண்டாம் நாள் யாருங்க வருவா?"

அவள் தம்பிக்குப் போன் போட்டேன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன், லீவுக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தான்.

"பஸ்ஸு பெருங்களத்தூர்ல நிக்குது மாமா. எறங்கி நடந்தா பஸ்ஸுக்கு முன்னாடி வந்துடுவேன்போல."

"மலை ஏறி எறங்குதுடா."

"எந்த மலை?"

விளக்கினேன். பின்னால் இருபது ஹாரன்கள் சேர்ந்து அலறின. "கீபோர்டைப் புடுங்கிட்டு மௌஸால தட்டிப் பாருங்க மாமா. அப்பறம் வந்து..." என்றான். அப்புறம் என்ன என்பதை ஜிஎஸ்டி ரோட்டு இரைச்சல் விழுங்கிவிட்டது. லைன் கட்.

கீபோர்டைப் பிடுங்கினேன். மௌஸால் தட்டினேன். மலை போயிற்று, ஏரி போயிற்று, கட்டம் வந்தது, வந்து அசையாமல் நின்றது. என் மனைவி பெருமூச்சு விட்டாள். நானும் விட்டேன். பிறகுதான் இருவருக்கும் உறைத்தது: பாஸ்வேர்டு அடிக்கக் கீபோர்டு வேண்டும். சொருகினேன். மலை இறங்கியது.

"இன்னும் பத்து நிமிஷங்கூட இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் ஹாலுக்குப் போய், போனில் யாருக்கோ, "இதோ வந்துட்டேன் மேடம், சின்ன பிரச்சினை" என்றாள். குரல் டீச்சர் குரலாக இல்லை.

குற்றவாளி கீபோர்டு என்பது முடிவாகிவிட்டது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். நாலு மூலையிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவுகிற அதே முறை. முதல் பொட்டை இடது பக்க மேல் மூலையில் வைத்திருக்கிறாள். விரலில் இருந்த சந்தனமெல்லாம் அங்கேதான் இறங்கியிருக்கிறது. நாலாவது மூலைக்குப் போகும்போது பேருக்கு ஒரு கீற்று. அந்த முதல் மூலையில் இருப்பது எஸ்கேப் பட்டன், 'வேண்டாம், திரும்பிப் போ' என்று சொல்கிற பட்டன். சந்தனம் ராத்திரியில் காய்ந்து இறுகி, பட்டன் அமுங்கியபடியே நின்றிருந்தது. நான் தட்டத் தட்ட, அது விடாமல் திரும்பிப் போ, திரும்பிப் போ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

ஸ்பூன் காம்பால் நெம்பினேன். பட்டன் தெறித்து எங்கேயோ போய் விழுந்தது. உள்ளே இருந்ததைச் சுரண்டினேன். கீபோர்டைச் சொருகித் தட்டினேன். கட்டம் வந்து நின்றது.

"வாம்மா."

ஓடி வந்து உட்கார்ந்து பாஸ்வேர்டு அடித்தாள். அவசரத்தில் முதல் தடவை தப்பு. இரண்டாவது தடவை திறந்தது.

"என்னங்க ஆச்சு?"

கல்யாணமான இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் ஒரு சாமான் கெட்டு, அதற்கு நான் காரணமில்லை என்று நிரூபணமானது அதுதான் முதல் தடவை. நிரூபணம் என் நகக்கண்ணில் மணத்துக்கொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். இன்னும் இரண்டு நிமிஷத்தில் அந்த முகம் பதினைந்து வீடுகளில் தெரியப்போகிறது.

"லூஸ் கனெக்‌ஷன்."

"நெனச்சேன். ஒயரை ஒழுங்கா சொருகியிருக்க மாட்டீங்க."

விழுங்கிக்கொண்டு, தெறித்த பட்டனைத் தேடித் தரையில் மண்டியிட்டேன். தலைக்கு மேலே, "குட் மார்னிங் மிஸ்" என்று பல குரல்கள். அவளும் குட் மார்னிங் சொன்னாள். ஒரு வரி சொல்லி நிறுத்தினாள். அதே வரியைத் திரும்பச் சொன்னாள். பிறகு மைக் திறந்திருப்பது நினைவில்லாமல், "ஏங்க, இங்க ஒரு பட்டனைக் காணோமே" என்றாள்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ஏதோ ஒரு வீட்டிலிருந்து ஓர் அம்மாவின் குரல்: "எங்க வூட்லயும் இதே கததான் டீச்சர். இவரு ரிப்பேர் பண்ணா ஏதாவது ஒண்ணு மிச்சமாயிடும்."

அவளும் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்து, "சரி, முக்கோணத்துக்கு வருவோம்" என்று சொன்னது டீச்சர் குரல்.

வகுப்பு முடிகிற நேரத்தில் அதே அம்மா கேட்டார்: "நாளைக்கும் இதே டைம்தானா டீச்சர்?"

"இதே டைம்தாங்க."

நான் விளக்குமாற்றை பீரோவுக்கு அடியில் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன்.