சிகரெட் தாள் தட்டி

நான் திருப்பூரில் ஸ்டூடியோ வைத்திருந்த காலத்தில் என்னிடம் படம் எடுக்க வந்தவர்களில் கருப்பானவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் நல்ல நிறம். என் கேமராதான் கருப்பு. படத்தைக் கையில் வாங்கியதும் முதலில் தங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த இரண்டாவது பார்வையில், குடும்பத்துக்கே நான் ஏதோ தீங்கு செய்துவிட்டது போன்ற வருத்தம் இருக்கும். ஊரே பனியன் துணியைச் சலவைத் தொட்டியில் போட்டு வெளுத்துக்கொண்டிருந்த ஊர் அது. மனிதர்களையும் அப்படி வெளுத்துத் தர ஓர் ஆள் இருக்கக் கூடாதா என்று அவர்கள் நினைத்ததில் எனக்கு வியப்பில்லை.

அறுபதுகளின் நடுவில் கோயம்புத்தூரில் ஒருவரிடமிருந்து பழைய பிளாஷ் ஒன்றை வாங்கி வந்தேன். ஒரு பல்புக்கு ஒரு படம். அடித்த வேகத்தில் பல்பு பொசுங்கிவிடும், அதைச் சுடச்சுடப் பிடுங்கிவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். நேராக அடித்தால் மூக்கும் நெற்றியும் சுண்ணாம்பு பூசியது போல வரும், பின்சுவரில் ஆளைவிடப் பெரிய நிழல் ஒன்று எழுந்து நிற்கும். அந்த வெளிச்சத்தைப் பதமாக்கும் சாமான்கள் பட்டணத்துக் கடைகளில் கிடைத்தன. வாங்க எனக்கு வக்கில்லை. ஆகவே நான் விஞ்ஞானி ஆனேன்.

முதலில் பேக்கரியில் பன் சுற்றித் தரும் எண்ணெய்த் தாளைப் பல்புக்கு முன்னால் கட்டினேன். ஒரு நிச்சயதார்த்தத்தில் அது கருகிய வாசனைக்குச் சமையல்காரர் அடுப்படிக்கு ஓடினார். அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. காலடியில் மூட்டை மூட்டையாகக் கிடந்த பனியன் துணியை விட்டுவிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறேன். வெட்டு மேசையில் மிஞ்சிய துண்டு ஒன்றை, பல்பைச் சுற்றியிருக்கும் பிளாஷ் கிண்ணத்தின் மேல் இழுத்து விட்டால் தொப்பி போல் கவ்விக்கொள்ளும். வெளிச்சம் அதன் வழியே வடிகட்டியது போல இறங்கும்.

அடுத்தது தட்டி. டீப்பெட்டியின் பலகை ஒன்றில் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளை மைதாப் பசை போட்டு ஒட்டினேன். தாளை நன்றாகக் கசக்கி, பிறகு நீவி ஒட்ட வேண்டும். அப்போதுதான் வெளிச்சம் ஒரே இடத்தில் பளீரென்று அடிக்காமல் பரவும். தாளுக்காகப் பெட்டிக் கடைக்காரரிடம் தினமும் கெஞ்சினேன், போதாததற்கு நானும் கூடுதலாகப் புகைத்தேன். தொழில் வளர்ச்சி என்றால் சும்மாவா? பிளாஷை முகத்துக்கு நேராகக் காட்டாமல் தட்டியின் மேல் அடித்தால், வெளிச்சம் அங்கிருந்து திரும்பி முகத்தில் போய் மெதுவாக விழும். நிழல் பூதம் காணாமல் போனது. ஊரில் என் பெயர் பரவியது.

ஒரே ஒரு சிக்கல். தட்டியைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், பிடிப்பவர் படத்தில் வரமாட்டார். இது தெரிந்துபோன பிறகு, நான் தட்டியை எடுத்தாலே கல்யாண வீட்டில் எல்லோருக்கும் பந்தியில் வேலை வந்துவிடும்.

அந்த நாட்களில்தான் ஒரு பனியன் கம்பெனி முதலாளி தன் மூத்த மகளின் கல்யாணத்துக்கு என்னைப் பேச வந்தார். மேசை மேல் இருந்த தொப்பித் துணியை எடுத்து விரலால் நெருடிப் பார்த்தார். நெருடிப் பார்த்தே எந்தக் கம்பெனித் துணி என்று சொல்லிவிடுவார். சொன்னார். அது அவருக்கு ஆகாத கம்பெனி.

"அவிங்க துணி வழியா வர்ற வெளிச்சம் எம்புள்ள மூஞ்சில உழுகறதுங்களா?" என்று கேட்டார்.

மறுநாளே அவர் கம்பெனித் துணி சைக்கிளில் வந்து இறங்கியது. நாலு அலசலில் தொங்கிப்போகும் ரகம். வெளிச்சத்தை யாரும் அலசிக் காயப்போடுவதில்லை என்பதால் நானும் ஒத்துக்கொண்டேன்.

போகும்போது இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட்டுப் போனார். கோயம்புத்தூரிலிருந்து ஒரு மில் முதலாளி வருவார். நூல் அவரிடமிருந்துதான் வருகிறது. அவர் வந்ததும் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, தன்னையும் அவரையும் சேர்த்து ஒரு படம் எடுத்துவிட வேண்டும். ஆபீசில் மாட்டுவதற்கு. இன்னொன்றைக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். சேவூரிலிருந்து மனைவியின் அண்ணன் வருவார். காடு கழனியில் வேலை செய்து கருத்தவர், சட்டை போடமாட்டார், காதில் கடுக்கன். நல்ல மனிதர்தான், ஆனால் பெரிய மனிதர்கள் பார்க்கப்போகிற ஆல்பம். அவர் அதில் அதிகம் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கம்பெனியின் முதல் மெஷின் ரயிலடியிலிருந்து வந்து இறங்கியது அந்த மச்சானின் மாட்டு வண்டியில்தான் என்பது கடைத்தெருவுக்கே தெரியும். பெண்ணின் தாய்மாமனை எப்படிங்க ஒதுக்குவது, முறை இருக்கிறதே என்றேன். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சிரித்தார்.

பார்த்துக்கொண்டார். கல்யாணத்தன்று காலை, புது வீட்டின் முன்னால் போட்ட பந்தலில் உறவெல்லாம் கூடியிருக்க, நான் ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த தட்டியை அவரே போய் இரண்டு கையாலும் எடுத்து வந்தார். மச்சானின் முன்னால் நின்று, பந்தலுக்கே கேட்கும்படி சொன்னார்:

"மச்சான், இந்த வெள்ளித் தட்டிய வேற யாரு கையிலயும் குடுக்க எனக்கு மனசில்லீங்க. தாய்மாமன் கையில இருந்தாத்தானுங்க புள்ளைக்கு வெளிச்சம்."

எங்கள் பக்கத்து மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் புகழ்ந்து பேசும்போதெல்லாம் எனக்கு அந்தக் காட்சிதான் ஞாபகம் வரும். ஓர் ஆளை வெளியே தள்ளுவதற்கு இதைவிட மரியாதையான வழியை நான் பார்த்ததில்லை. கூட்டம் நெகிழ்ந்துபோனது. பெண்கள் இது என்ன புதுச் சீர் என்று விசாரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, தங்கள் பக்கத்து மாமனுக்கு எப்போது தட்டி கொடுப்பீர்கள் என்று சற்றுக் கோபமாகவே கேட்டார். சிகரெட் தாளுக்கு வந்த வாழ்வு.

மாமன் தட்டியை வாங்கிக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, எங்கே நிற்கட்டுமுங்க என்று என்னிடம் கேட்டார். ஒரு முறை சொன்னேன், அவ்வளவுதான். என் தொழிலில் அவரைப் போல யாரும் தட்டி பிடித்ததில்லை. கை நடுங்கவில்லை, வேடிக்கை பார்க்கவில்லை. வியர்வை வழிந்தும் துடைக்கவில்லை. அவரை எப்படியாவது ஒரு படத்திலாவது கொண்டுவந்துவிட வேண்டும் என்று நான் பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தேன். நான் நகர்ந்தால், வெளிச்சம் கெடக் கூடாதே என்று அவரும் நகர்ந்தார். அவருடைய நேர்த்தியே அவரைப் படத்துக்கு வெளியில் வைத்தது. எனக்கு வந்த கோபத்தில் சுட்ட பல்பு விரலில் உறைக்கவில்லை. முதலாளியோ ஒவ்வொரு படத்திலும், மச்சான் தரும் வெளிச்சத்தில், பட்டு அங்கவஸ்திரத்தோடு பளபளவென்று நின்றார்.

பட்டம் கட்டும் நேரம் வந்தது. பெண்ணின் நெற்றியில் தாய்மாமன்தான் பட்டம் கட்ட வேண்டும், அதில் பதிலாள் கிடையாது. கல்யாணத்தை நடத்திவைக்கும் அருமைக்காரர் மாமனைக் கூப்பிட்டார். மாமன் கையில் தட்டி. சுற்றிலும் பார்த்தார். நேராகப் போய் முதலாளியின் கையில் அதைக் கொடுத்தார். தங்கை வீட்டுக்காரர் என்பதால் அவரை மாப்பிள்ளை என்றுதான் அழைப்பார்.

"மாப்ளைங்க, செத்த புடிங்க. மாமனுக்கு அடுத்தாப்புல அப்பன் கைதானுங்களே புள்ளைக்கு."

இதுவும் பந்தலுக்கே கேட்டது. காலையில் அவ்வளவு பேர் முன்னால் அதைப் பெரிய பெருமை என்று சொன்ன மனிதர், இப்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? வாங்கிக்கொண்டார். ஒரு நிமிட வேலைதானே என்று நினைத்திருப்பார்.

அப்போதுதான் வாசலில் கார் வந்து நின்றது. கூட்டம் எழுந்தது. மில் முதலாளிக்கு வேறொரு கல்யாணமும் இருந்ததாம், உட்கார நேரமில்லை. நேரே மணமேடைக்கு வந்து, பட்டம் கட்டிக்கொண்டிருந்த மாமனுக்குப் பக்கத்தில் நின்று, பெண்ணின் தலையில் கை வைத்தார். முதலாளி தட்டியோடு தவித்தார். வாங்கிக்கொள்ள ஒரு கை கிடைக்குமா என்று கண்ணால் தேடினார். அவர் தும்மினாலே ஓடிவரும் மானேஜர், மில் முதலாளியின் முதுகுக்குப் பின்னால் சிரித்த முகமாக இடம் பிடித்து நின்றுவிட்டார். தட்டியைத் தொட்டால் படத்தில் இல்லை என்பது மானேஜருக்கும் தெரியும்.

தட்டியைக் கீழே போடவும் முடியவில்லை, போட்டால் அபசகுனம் என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். எனவே முதலாளி தட்டியோடு சேர்ந்து மேடைப் பக்கம் சாய்ந்தார். சாயச் சாயத் தட்டியும் திரும்பியது. வெளிச்சம் முழுவதும் மாமன் முகத்தில் போய் விழும் கோணத்துக்கு அது வந்தபோது நான் அமுக்கினேன். அமுக்காமல் விடச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. பல்பை மாற்றுவதற்குள் மில் முதலாளி காருக்குப் போய்விட்டார்.

இருட்டறையில் அந்தப் படம் தண்ணீருக்குள் மெல்லத் தெளிந்து வந்தபோது நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மில் முதலாளி, பெண், நடுவில் மாமன். கடுக்கன் மின்ன, கருத்த முகத்தின் ஒவ்வொரு கோடும் தெரிய, அவ்வளவு அழகான முகம் அதற்கு முன்னும் பின்னும் என் கேமராவில் விழுந்ததில்லை. இடது ஓரத்தில் தட்டியின் விளிம்பு. அதைப் பற்றியிருக்கும் நாலு விரல், ஒரு கல் மோதிரம். முதலாளி அவ்வளவுதான்.

முதலாளி படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, மச்சானை வெட்டி எடுத்துவிட்டு, வேறொரு படத்திலிருந்து தன்னை அங்கே ஒட்ட முடியுமா என்று கேட்டார். மாமனின் கை பெண்ணின் நெற்றியில் இருக்கிறதே, ஆளை எடுத்தால் கை அந்தரத்தில் தொங்குமே என்றேன். அந்தக் கை தன்னுடையது மாதிரி வரும்படி செய்யலாமே என்றார். அந்தக் கையைப் பார்த்த யாரும் அதை அவருடையது என்று நம்பமாட்டார்கள் என்று நான் மரியாதையாகச் சொன்னேன்.

மில் முதலாளி அந்தப் பந்தலுக்கு வந்ததற்கு வேறு சாட்சி இல்லை. வேறு வழியில்லாமல் அதையே பெரிதாக்கச் சொல்லி, கண்ணாடி போட்டு ஆபீசில் மாட்டினார். நான் பிறகு ஒரு வேலையாக அங்கே போயிருந்தபோது, பம்பாய் வியாபாரி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, நடுவில் நிற்பவர் யார் என்று கேட்டார். எங்க மச்சானுங்க என்றார் முதலாளி. நீங்கள் எங்கே என்று அவர் கேட்டார். முதலாளி எழுந்து போய், கண்ணாடியின் ஓரத்தில் அந்த மோதிரத்தைத் தொட்டுக் காட்டினார்.

மாமன் ஒரு சந்தை நாளில் பஸ் ஏறி என் ஸ்டூடியோவுக்கு வந்தார். கல்யாணப் படங்களைப் பார்க்க வேண்டும் என்றார். கைவசம் இருந்த படங்களை மேசையில் பரப்பினேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். தாலி கட்டும் படம், மாலை மாற்றும் படம், உறவெல்லாம் நிற்கும் படம். எதிலும் அவர் இல்லை. முகத்தில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. அவருக்கென்று தனியாகப் பிரதி போட்டு வைத்திருந்த பட்டம் கட்டும் படத்தைக் கடைசியில் கொடுத்தேன்.

அதை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். தன் முகத்தைப் பார்த்தார், பெண்ணின் முகத்தைப் பார்த்தார். பிறகு இடது ஓரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இதுக்கு வெளிச்சம் யாருங்க புடிச்சது?" என்றார்.

உங்க மாப்பிள்ளைதானுங்க என்றேன்.

"நல்லாத்தானுங்க புடிச்சிருக்கறாரு" என்றார். படத்தைத் துண்டில் பதனமாகச் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படி இறங்கியவர், நின்று திரும்பினார்.

"சின்னப்புள்ள கல்யாணத்துக்கும் அவரையே புடிக்கச் சொல்லீருவோமுங்க."